ஓவைனின் உடுப்பு

முடி பிலேந்திரனுக்கென்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சொன்ன அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிலேந்திரன் என் கணவரின் தம்பி. லவால் புறநகரில் வீடு, வாசலில் புதுக் கார், இப்போது கூத்தில் ராசமுடியும். அவன் மனைவி செலீன் கோயிலில் எனக்கு முன்வரிசை வாங்கில் வந்து இருந்தாள். வேண்டுமென்றேதான்.

வெள்ளைக்கார ராசாக்களை ஆடுவது எங்கள் கூத்துக்குப் புதிதல்ல. இம்முறை பங்குத் திருவிழாவுக்கு வேல்ஸ் நாட்டுக் கதை. அரியணைக்காக அண்ணன் ஓவைனும் தம்பி லூவெலினும் மலைக்கணவாயில் மோதுகிறார்கள். தம்பி வென்று அண்ணனைச் சிறையில் போடுகிறான். அண்ணாவியார் அதற்கு நிஜ அண்ணன் தம்பியையே பிடித்தார். என் கணவர் அருமைராசாவுக்குத் தோற்கிற வேஷம்.

"நீங்கள் மூத்தவர். வாயைத் திறந்து கேக்க ஏலாதோ?" என்று சீறினேன்.

"சிறைப்புலம்பல் என்ர பாட்டப்பா. சனம் அதுக்குத்தான் அழும்," என்றார்.

"பாட்டை ஆர் பாக்கிறது? கண்ணுக்குத் தெரியிறது முடிதானே!"

நான் சென்ட் லோரன்டில் கல்யாண உடுப்புத் தைக்கிறவள். சும்மா விடுவேனா? சிவப்பு வெல்வெட்டில் மணியும் கண்ணாடியும் இடைவெளி இல்லாமல் வைத்துத் தைத்தேன். போட்டுப் பார்த்தவர், "சரியான பாரமப்பா," என்றார்.

"ராசா உடுப்பெண்டால் பாரமாத்தான் இருக்கும்," என்று அவர் வாயை அடைத்தேன்.

திருவிழா இரவு அவர் மேடையேறியதும் மண்டபமே கைதட்டியது. செலீன் திரும்பி, "அக்கா, உங்கட ஆள்தான் ராசா மாதிரி," என்றாள். அவள் முகம் சுருங்கியது எனக்குத் தேனாய் இனித்தது.

பிறகு சண்டை. மத்தளம் வேகமெடுக்க, இருவரும் வாளோடு சுற்றிச் சுற்றி ஆடினார்கள். தோற்று விழுந்தபோது என் கணவரின் நெஞ்சு மூச்சுவாங்கி ஏறி இறங்கியது. சங்கிலி பூட்டினார்கள். புலம்பல் தொடங்கியது. முதல் அடி பாடினார். இரண்டாம் அடிக்கு வாய் திறந்தது, மூச்சு வரவில்லை. மத்தளம் காத்து நின்றது. நான் சேலைத் தலைப்பைக் கடித்தேன்.

அரியணையிலிருந்து பிலேந்திரன் எழுந்து வந்தான். அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு, அண்ணனின் புலம்பலைத் தானே முழுதும் பாடினான். சனம் விம்மி அழுதது. நானும் அழுதேன், எரிச்சலில்.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். உள்ளே வந்து உடுப்பைக் கழற்றி எறிந்த என் கணவரின் முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தனியே, தம்பி என்ன மாதிரிப் பாடினவன்!"

முடியும் அவனுக்கு, பாட்டும் அவனுக்கு. நான் குனிந்து அந்த உடுப்பைத் தூக்கப் பார்த்தேன். ஒரு கையால் முடியவில்லை.