குளியலறைக் காற்று

சமயநல்லூரில் திவ்யாவின் வீட்டுக் குளியலறைக்குள் இரண்டு வருடமாக யாரும் போவதில்லை. தங்கை முத்துச்செல்வி ஒரு மார்கழிக் காலையில் குளிக்கப் போனவள் அதற்குள்ளேயே செத்துக் கிடந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். கோடாங்கி உடுக்கடித்துப் பார்த்து, கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தி பிடித்துக்கொண்டு போய்விட்டாள் என்றான். அம்மா பாண்டியம்மாள் குளியலறைக் கதவைப் பூட்டினாள்.

திவ்யாவும் கோடாங்கி சொன்னதைத்தான் நம்பினாள். அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்று, "எம்புட்டு நேரம்டி குளிப்ப? எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு, நான் போறேன்" என்று கத்திவிட்டுக் கப்பலூர்க் கம்பெனிக்குப் பஸ் ஏறியவள் அவள். அதன் பிறகுதான் கதவை உடைத்திருக்கிறார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்கும். "அக்கா, தண்ணி நல்லா சூடா வருதுக்கா" என்று குரலும் கேட்கும்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மூன்று மாதமாக உமேஷிடம் பிளம்பிங் பழகிக்கொண்டிருந்தாள். அவன் அவளைவிட நாலு வயது சின்னவன். குழாய், மோட்டார் எல்லாம் கை வந்துவிட்டது. ஹீட்டர் வேலைக்கு அன்றுதான் முதல்முறையாகக் கூட்டிப்போனான்.

கோரிப்பாளையம் பக்கம், நாகமணி என்கிற அம்மாளின் வீடு. கேஸ் கீசர் சரியாக எரியவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். உமேஷ் கீசரைத் தொடவேயில்லை. குளியலறைக்குள் நுழைந்ததும் மேலே பார்த்தான். ஜன்னலில் பலகை அடித்திருந்தது.

"யாரும்மா இதை அடைச்சது?"

"கொசு வருதேன்னு நான்தான் அடைக்கச் சொன்னேன். ஏன் தம்பி?"

"உள்ள யாராச்சும் மயக்கம் போட்டு விழுந்தாங்களா?"

நாகமணியின் முகம் மாறியது. "போன வாரம் என் மருமக ஸ்வப்னா விழுந்துட்டா. கதவ ஒடச்சுத் தூக்கிட்டு வந்தோம். வெளிக்காத்து பட்டதும் முழிச்சுட்டா. வெறும் வயித்தோட குளிச்சிருப்பான்னு நெனச்சோம்."

உமேஷ் திவ்யாவின் பக்கம் திரும்பினான். "அக்கா, இதை நல்லாக் கேட்டுக்கங்க. அடைச்ச ரூம்புல கேஸ் எரிஞ்சா விஷப்புகை சேரும். கண்ணுக்குத் தெரியாது, வாடையும் இருக்காது. கொஞ்ச நேரத்துல ஆள் தூங்குற மாதிரி போயிரும். ஒடம்புல ஒரு காயம் இருக்காது."

திவ்யா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கை குளிரில் நடுங்குகிறாளே என்று கேஸ் கீசர் வாங்கி மாட்டியது அவள்தான். எதிர்வீட்டு மாடியிலிருந்து தெரிகிறது என்று முத்துச்செல்வி சொன்னதும், அட்டையை வெட்டி ஜன்னலை ஓட்டை இல்லாமல் ஒட்டியதும் அவள்தான்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல தம்பி. மொதல்ல அந்தப் பலகையப் பேத்துருவோம்."

அவளே ஏறிப் பெயர்த்தாள். கீசரைக் கழற்றி வீட்டுக்கு வெளியே, பின்சுவரில் மாட்டிக் குழாய் இழுத்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது.

வீட்டில் பாண்டியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். திவ்யா பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள்.

"அப்ப அந்தக் கிணத்துக்காரி?"

"அவ ஒண்ணும் செய்யலம்மா."

"கதவ அப்பவே ஒடச்சிருந்தா எம்புள்ள பொழச்சிருப்பாளா?"

"பொழச்சிருப்பாம்மா."

"ஜன்னல..." என்று ஆரம்பித்த பாண்டியம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. திவ்யா அட்டை ஒட்டும்போது கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவள் அவள்.

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். "இங்க பாருடி. எம்புள்ளய அந்தக் கிணத்துக்காரிதான் கொண்டுபோனா. இன்னொரு வாட்டி வேற எதையாச்சும் சொன்னே, நாக்க அறுத்துருவேன். கேட்டியா?"

"கேட்டேம்மா."

பாண்டியம்மாள் மறுபடியும் கீரையை உருவ ஆரம்பித்தாள். காம்பும் இலையும் ஒன்றாகவே சுளகில் விழுந்தன. திவ்யா ஒரு கொத்தை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.