தோட்டத் தெரு வேலைக்குப் போனது

ஸ்டாரா ஓல்ஷா என்ற ஊரின் தோட்டத் தெரு ஒரு மார்ச் மாதத்தில் வேலை தேடிப் போஸ்னான் நகரத்துக்குப் போனது. ஊரை விட்டுப் போன முதல் தெரு அதுவல்ல. பள்ளிக்கூடத் தெரு அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டது. ஆற்றங்கரைத் தெரு எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய், அங்கே ஒரு சரக்குக் கிடங்கின் பக்கத்தில் நல்லபடியாக இருப்பதாகக் கேள்வி.

மேற்குப் போலந்தில் இப்படி நிறையச் சிற்றூர்கள் உண்டு. முதலில் சர்க்கரை ஆலை மூடியது. பிறகு ரயில் நிற்காமல் போக ஆரம்பித்தது. பிறகு வயசுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெட்டியைக் கட்டினார்கள். நகரத்திலோ அடுக்குமாடிகள் மளமளவென்று எழும்பின. அவற்றுக்கு நடுவே போடத் தெருக்கள் இல்லை. மாகாண வளர்ச்சி அலுவலகத்திலிருந்து வந்த பெண், தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊராரை உட்காரவைத்து இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். நடக்க ஆளில்லாத ஊரில் கிடப்பது தெருவுக்கும் நல்லதில்லை என்றாள். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதே காரணத்துக்காகத்தான் போயிருந்தார்கள்.

தோட்டத் தெரு போன அன்று ரோஸாலியா அடுப்படியில் இருந்தாள். வெளியே கல்லும் கல்லும் உரசுகிற சத்தம் கேட்டது. நடைபாதைக் கற்கள், விளக்குக் கம்பங்கள், சாக்கடை மூடிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தெரு மெதுவாக நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது. மிச்சமிருந்த வீடுகள் ஒரு நீளமான புல்தரைக்கு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. அக்கம்பக்கத்தார் அன்றைக்கே புல்லில் நடந்து பழகிக்கொண்டார்கள்.

ரோஸாலியாவின் கணவர் இக்னாசியால்தான் முடியவில்லை. ஆலையில் சர்க்கரைக்கான பீட் கிழங்கு எடை போட்டு ஓய்வு பெற்றவர் அவர். சில வருஷங்களாக ஞாபகம் கரைந்துகொண்டே வந்தது. மகன் பெயர் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. ஆனால் காலுக்கு மட்டும் தெரு மறக்கவில்லை. காலையில் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு இறங்கினால், ரொட்டிக் கடைக்குப் போய்க் கறுப்பு ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு தப்பாமல் வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கே போனாய் என்று கேட்டால் தெரியாது. ரொட்டி மட்டும் கையில் இருக்கும்.

அன்று காலை வாசற்படியில் நின்று புல்லைப் பார்த்தார்.

"தெரு எங்கே?"

"வேலைக்குப் போயிருக்கு," என்றாள் ரோஸாலியா.

"எப்போ வரும்?"

"தெரியலை, இக்னாசி."

"சரி, வரட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கோட்டைக் கழற்றி மாட்டினார்.

அதற்குப் பிறகு தினமும் இதுதான் நடந்தது. கோட்டைப் போடுவார், வாசலில் நிற்பார், பார்ப்பார், கழற்றுவார். ரோஸாலியா அவர் கையைப் பிடித்துப் புல்லில் இறக்கிப் பார்த்தாள். அவர் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டார். யாரோ ஒருவருடைய வயல் அது, மிதிக்கக்கூடாது என்றார். பக்கத்து வீட்டு செவெரின், தேனீ வளர்க்கிறவர், தன்னிடமிருந்த பலகைகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார். இக்னாசி அவற்றை வெகுநேரம் பார்த்துவிட்டு, பலகை நன்றாக இருக்கிறது, ஈரம் படாமல் எடுத்து வையுங்கள் என்று சொன்னார். செவெரின் எடுத்து வைத்தார். ரொட்டியையும் அவரே வாங்கிவந்து கொடுத்தார்.

கோடை முடிவதற்குள் இக்னாசியின் கால்கள் வீங்கிவிட்டன. பேச்சும் குறைந்தது. வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருக்கிற தூரம் அவருக்குப் போதவில்லை. ரோஸாலியா தெருவைப் பார்த்துப் பேசிவிட்டு வருவதென்று முடிவு செய்து, அவரைச் செவெரின் பொறுப்பில் விட்டுவிட்டுப் பேருந்தேறினாள்.

மகன் வித்தோல்ட் போஸ்னானில் டிராம் ஓட்டிக்கொண்டிருந்தான். விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு வந்தான். தெரு கிடைப்பது சுலபமாக இல்லை. வேலைக்கு வந்த தெருக்களுக்கு நகரத்தில் புதுப்பெயர் வைத்துவிடுவார்கள். கடைசியில் நகரத்தின் ஓரத்தில், உயரமான வெள்ளைக் கட்டடங்களுக்கு நடுவே ரோஸாலியா அதைக் கண்டுபிடித்தாள். 'உதயசூரியன் தெரு' என்று பலகை இருந்தது. ஆனால் நடைபாதை விளிம்பில் ஓரிடத்தில் கல் உடைந்திருந்தது. இளவயதில் இக்னாசி மோட்டார் சைக்கிள் கற்றுக்கொண்டபோது தங்கள் வீட்டு வாசலில் மோதி உடைத்த கல் அது.

தெரு அகலமாகியிருந்தது. ஒரு பக்கம் சிவப்பாக சைக்கிள் பாதை தீட்டியிருந்தார்கள். பிள்ளைகள் அதன்மேல் சாக்குக்கட்டியால் வீடும் சூரியனும் வரைந்திருந்தார்கள். இளம்பெண் ஒருத்தி கைக்குழந்தையை இறக்கிவிட, அந்தக் குழந்தை முதல்முதலாக நாலடி வைத்து உட்கார்ந்தது. ரோஸாலியா அதைப் பார்த்தபடி நின்றாள். என்னவெல்லாமோ கேட்க நினைத்து வந்திருந்தாள். குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைத் தார்மேல் வைத்தாள். சரியாகத் தூங்காதவர்களின் நெற்றி போல அது சூடாக இருந்தது.

"அவர் வெளியே வர்றதே இல்லை," என்று மெதுவாகச் சொன்னாள். "உன் வேலையை விட்டுட்டு வான்னு சொல்லலை. கல்லறைத் திருநாளுக்காவது வந்துட்டுப் போ."

வித்தோல்ட் கொஞ்சம் தள்ளி நின்றான். புதுத் தெருக்களுக்கு விடுப்புக் கொடுப்பார்களோ என்னவோ என்றான். கல்லறைத் திருநாளுக்கு எல்லாருக்கும் விடுப்புதான் என்றாள் ரோஸாலியா. அந்தத் திருநாளுக்கு அவன் மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை. அவன் வேறு பேச்சுக்குப் போனான்.

நவம்பர் முதல் தேதி, விடிகிற நேரத்தில் தெரு வந்தது. நாட்டில் இருக்கிற எல்லாரும் இறந்தவர்களைப் பார்க்க ஊருக்குப் போகிற நாள் அது. நெடுஞ்சாலையில் கார்களுக்கு நடுவே தெருக்களும் வரிசையில் காத்திருந்ததாக வானொலியில் சொன்னார்கள். தோட்டத் தெரு களைத்துப்போயிருந்தது. சாக்குக்கட்டி ஓவியங்கள் பாதி அழிந்திருந்தன. ஒரு பேருந்து நிறுத்தப் பலகையை இறக்கிவைக்க மறந்து அப்படியே கொண்டுவந்துவிட்டது. அகலமாகிவிட்டதால் பழைய இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை. வீட்டுக்காரர்கள் வேலிகளைப் பிடுங்கி ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டுக்கொண்டார்கள்.

இக்னாசி கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். பார்த்தார். வீங்கிய காலை எடுத்துத் தெருவில் வைத்தார்.

"வந்துட்டியா," என்றார்.

அன்று இருவரும் சாமந்திப் பூத்தொட்டிகளும் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்த மெழுகுவர்த்திகளும் எடுத்துக்கொண்டு கல்லறைக்கு நடந்தார்கள். இக்னாசிக்குத் தன் அப்பாவின் கல்லறை தெரிந்தது. பிறந்த வாரமே இறந்துபோன தங்கையின் பெயரைச் சொன்னார். அப்படி ஒரு தங்கை இருந்தது ரோஸாலியாவுக்கே தெரியாது. திரும்பி வரும்போது அவள் கையைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் அப்படித்தான் செய்வார். "ரோஸா, உன் கை சில்லுனு இருக்கு," என்றார். அவர் வாயால் தன் பெயரைக் கேட்டு அவளுக்கு எவ்வளவோ காலமாகியிருந்தது. வித்தோல்டும் வந்திருந்தான். இக்னாசி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, டிராம் ஓட்டுவது பீட் வண்டி ஓட்டுவதைவிடக் கஷ்டமா என்று விசாரித்தார்.

மறுநாள் மாலை ஊருக்கு வந்திருந்த பிள்ளைகளெல்லாம் புறப்பட்டார்கள். அம்மாக்கள் வழக்கம்போலக் கண்ணாடி ஜாடிகளில் ஊறவைத்த வெள்ளரியும் முட்டைக்கோஸ் குழம்பும் அடைத்துப் பிள்ளைகளின் கார்களில் ஏற்றினார்கள். ரோஸாலியா மகனுக்கு ஜாடிகளைக் கொடுத்தனுப்பினாள். இன்னொரு ஜாடியைத் தெருவுக்கென்று விளக்குக் கம்பத்தடியில் வைத்தாள். இருட்டுவதற்குள் தெரு கிளம்பிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் இக்னாசி கோட்டை எடுத்தார்.

"கொஞ்சம் நடந்துட்டு வரேன்," என்றார்.

ரோஸாலியா அவரைப் பார்த்தாள். இரண்டே நாளில் கால் வீக்கம் வடிந்திருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. 'நாளைக்குப் போகலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோட்டைக் கழற்றி மாட்டிவிடுவார். நாளைக்குக் காலையில் வாசலில் நின்று புல்லைப் பார்ப்பார். நாளன்றைக்கும் பார்ப்பார். அவள் அந்த வார்த்தையை வாய் வரைக்கும் கொண்டுவந்தாள். பிறகு அவர் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, கழுத்துத் துணியைச் சரிசெய்தாள்.

"மெல்லப் போ," என்றாள்.

அவர் படியிறங்கினார். எதிரே வந்த செவெரினுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். கற்கள் உரசத் தொடங்கின. இக்னாசி ரொட்டிக் கடைப் பக்கமாக நடந்துகொண்டே இருந்தார். தெரு நெடுஞ்சாலையில் திரும்பியபோதும் அதன்மேல் நடந்துகொண்டுதான் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ரொட்டி வாங்கப் போகிறவர் எதற்குத் திரும்பிப் பார்க்கவேண்டும்?

இரண்டு நாள் கழித்து வித்தோல்ட் தொலைபேசியில் கூப்பிட்டான். அப்பா இங்கேதான் இருக்கிறார் என்றான். பகலெல்லாம் நடக்கிறார். கொர்னேலியா என்ற பெண், முதலடி வைத்த குழந்தையின் தாய், கீழ்த்தளத்தில் அவருக்கு ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறார். நீயும் வந்துவிடு அம்மா, வீட்டை விற்றுவிடலாம் என்றான்.

ரோஸாலியா யோசித்தாள். வீடு இல்லாமல் போனால், அடுத்த திருநாளுக்குத் தெரு வரும்போது அவர் எங்கே வருவார் என்று கேட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவரைப் பார்க்கப் போனாள். கசகசா கேக் சுட்டு எடுத்துக்கொண்டு, தெருமுனையில் காத்திருந்தாள். முகம் சிவந்து ஆரோக்கியமாக அவர் நடந்துவந்தார். அவளைப் பார்த்ததும் தொப்பியைத் தூக்கினார். தெரியாத பெண்களுக்குத் தூக்குகிற மாதிரி, கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு.

"யாரையாவது தேடுறீங்களா?"

"இல்லை. சும்மா நிக்கறேன்."

சேர்ந்து நடந்தார்கள். உடைந்த கல்லுக்குப் பக்கத்தில், சைக்கிள்கள் நிறுத்தி வைக்கும் இரும்புக் கம்பிகள் இருந்த இடத்தில் அவர் நின்றார்.

"இதுதான் எங்க வீடு," என்று கம்பிகளைக் காட்டினார். "என் மனைவி உள்ளே சூப் வச்சிட்டிருப்பா. ஆறிப்போச்சுன்னா கோவிச்சுக்குவா."

"கோவிச்சுக்க மாட்டா," என்றாள் ரோஸாலியா.

"அவளை உங்களுக்குத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்."

இக்னாசியின் முகம் மலர்ந்தது. அப்படியானால் ஓர் உதவி செய்யவேண்டும் என்றார். "பார்த்தா சொல்லுங்க. தெரு முழுக்க ஒரு தடவை நடந்துட்டு வந்துடறேன்னு."

சொல்வதாக அவள் ஒப்புக்கொண்டாள். கேக்கை அவர் கையில் கொடுத்தாள். உங்கள் கை சில்லென்று இருக்கிறது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

பேருந்தில் வரும் வழியெல்லாம் ரோஸாலியா அழுதாள். பக்கத்து இருக்கையில் இருந்தவர் செய்தித்தாளை மடித்து அவளுக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து, அடுப்படிக்குப் போய், அங்கே யாரும் இல்லாவிட்டாலும் சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

"தெரு முழுக்க ஒரு தடவை நடந்துட்டு வந்துடுவாராம்."

பிறகு சூப்பை அடுப்பில் ஏற்றினாள். அதற்குப் பிறகு மாலை வேளைகள்தான் அவளுக்குத் தள்ளமுடியாமல் இருந்தன.

ஜனவரியில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மறுபடியும் கூட்டம் போட்டார்கள். இந்த முறை ஓர் இளைஞர் வந்திருந்தார். நகரத்தில் ஜனங்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வரவே நேரமாகிவிடுகிறது, பிள்ளைகளோடு உட்கார அவர்களுக்கு மாலைப்பொழுது போதவில்லை என்றார். ஸ்டாரா ஓல்ஷாவிலோ மாலைகள் வெறுமனே கழிகின்றன. யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் அடுத்த வாரமே அந்த மாலைகளை நகரத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். செவெரின் மட்டும் எழுந்து, தேனீக்கள் கூட்டுக்குத் திரும்ப வெளிச்சம் வேண்டுமே என்று கேட்டார். கோடைக்குள் அதற்கு ஒரு வழி செய்யலாம் என்றார் இளைஞர். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ரோஸாலியா மதியச் சாப்பாடு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, துணியைப் பிழிந்து உதறிப் போட்டாள். திரும்பி ஜன்னலைப் பார்த்தபோது நட்சத்திரங்கள் இருந்தன. விளக்கைப் போட்டுவிட்டு, படுக்கையை விரிக்கப் போனாள்.