மூன்று அளவில் ஒரு கதை

மேடம் சொல்லிக்கொடுத்த இடத்தில் அக்கா அழவில்லை. அதனால் ஒத்திகையை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

மேடம் நடத்தும் மனித உரிமை அமைப்பின் கூட்ட அறை அது. அடிபட்டு வந்த பெண்கள் தங்குவதற்கு மாடியில் இடம் கொடுத்திருந்தார்கள். அக்கா ஒரு கை வீங்கிப்போய் இங்கே வந்து சேர்ந்தபோது துணைக்கு நானும் வந்தேன். பள்ளிக்கூடத்தை முன்பே விட்டிருந்ததால் என்னைத் தேட யாரும் இல்லை. சோறு போட்டார்கள், கைக்குக் கட்டுப் போட்டார்கள், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுப் பிரித்த கையோடு அக்காவைக் கதை சொல்ல உட்கார வைத்துவிட்டார்கள்.

அக்காவின் கதை மூன்று அளவில் இருந்தது. பத்திரிகைக்காரர்களுக்குச் சின்னது, கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுத்தரம், வெளிநாட்டிலிருந்து நிதி கொடுக்க வருகிறவர்களுக்குப் பெரியது. சின்னதில் கை மட்டும் உடையும். நடுத்தரத்தில் மாமியார் வருவாள். பெரியதில்தான் அக்காவின் மகள் பாப்பா. முன்பு நான் மாமா என்று கூப்பிட்ட அந்த ஆள், பாப்பாவை உள்ளே வைத்துக்கொண்டு அக்காவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிற இடத்தில் அக்கா நிறுத்தி, தண்ணீர் குடித்து, அழ வேண்டும். புது உடை கூடாது, சாயம் போனது போதும். கிழிசலும் கூடாது, நாம் சரியாகக் கவனிப்பதில்லை என்று நினைத்துவிடுவார்களாம். யாராவது வாய்தவறி 'பாதிக்கப்பட்டவர்' என்று சொன்னால் மேடம் உச்சுக்கொட்டி 'மீண்டவர்' என்று திருத்துவார். மீண்டவர் எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்பதையும் அவரே சொல்வார்.

"உங்கக்காவ நல்லா அழச் சொல்லுடி, நமக்குப் புது அடுப்பு வரும்" என்று சமையல்காரம்மா என் இடுப்பில் இடித்தாள். அந்தக் கட்டடத்தில் உள்ளதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

ஒத்திகை முடிகிற நேரத்தில் வக்கீல் வந்தார். அமைப்பே வைத்துக்கொடுத்த இலவச வக்கீல். நாளைக்குப் பாப்பாவின் கேஸ். குழந்தையைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து தாயிடம் காட்ட வேண்டும் என்று நீதிபதி போன தடவை அந்த ஆளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் அக்கா கடைசியாகப் பாப்பாவைப் பார்த்தது. இப்போது வெயில் கொளுத்துகிறது. வக்கீல் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மேடத்திடம் சொன்னார், நாளைக்கு வாய்தா வாங்கிவிடுகிறேன், விருந்தாளிகள் வருகிற நாளாயிற்றே என்று.

அக்காவின் கையில் குவளை அப்படியே நின்றது.

"பாப்பாவக் கூட்டிட்டு வருவாங்களே, மேடம்."

"கோர்ட் எங்கம்மா ஓடிப்போகப் போகுது? அடுத்த தடவை பாத்துக்கலாம். இவங்க வர்றதே எப்பவாவது ஒரு தடவை. உன் பிள்ளைய மீட்க நாம எவ்வளவு போராடுறோம்னு நீயே உன் வாயால சொன்னாத்தான் அவங்களுக்குப் புரியும்."

பிள்ளையை மீட்கப் போராடுவதைச் சொல்லிக்காட்டுவதற்காக, பிள்ளையைப் பார்க்கப் போகாமல் இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது மேடத்தின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. படித்தவர்களின் முகம் அப்படித்தான் போலிருக்கிறது, இஸ்திரி போட்டது. அக்கா தலையை ஆட்டினாள். தலையை ஆட்டித்தானே அவள் இத்தனை காலம் குடித்தனம் பண்ணினாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குக் குரலே வராது.

காலையில் விருந்தாளிகள் வந்தார்கள். நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையைச் சாய்த்து, இருமினால்கூட இரக்கத்தோடு பார்த்தார்கள். அக்கா பெரிய கதையைச் சொன்னாள். அவள் ஒரு வரி சொல்ல, மேடம் அவர்கள் மொழியில் சொல்லுவார். கை உடைந்தது. மாமியார் வந்தாள். கதவைச் சாத்தினான். அக்கா தண்ணீர் குடித்தாள். அழவில்லை.

"இன்னைக்கு எங்க பாப்பாவக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வர்றாங்க. நான் அங்க இருக்கணும். உங்களுக்குக் கதை சொல்லணும்னு இவங்க என்னை இங்க உக்கார வச்சிருக்காங்க" என்றாள்.

மேடம் மூச்சுக்கூடத் தடுமாறவில்லை. அந்த இரண்டு மூன்று வரியை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நீளமாகச் சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் கோர்ட் என்ற சொல் தெரியும். அது அவர் வாயில் வரவே இல்லை. முன்வரிசையில் ஒரு வயதான பெண்மணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். நான் எப்படி எழுந்து அத்தனை பேர் முன்னால் நடந்தேனோ தெரியவில்லை. அவள் கையைப் பிடித்தேன்.

"வாக்கா. கைதட்டி முடிக்கிறதுக்குள்ள போயிரலாம்."

வாசலில் மேடம் எட்டிப் பிடித்துவிட்டார். உள்ளே இருப்பவர்களுக்காக உதடு சிரித்தபடியே இருந்தது. குரல் மட்டும் தாழ்ந்தது. "இப்படிப் போனா திரும்பி வர இடம் இருக்காதும்மா, யோசிச்சுக்கோ." அந்த ஆளும் கதவைச் சாத்தும்போது ஏறக்குறைய இதையேதான் சொன்னான். அவனுக்கு இவ்வளவு மரியாதையாகச் சொல்ல வராது, அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா படி இறங்கினாள்.

பஸ் பிடித்து, மிச்சத்தை ஓடிக் கடந்து போய்ச் சேர்ந்தபோது கேஸைக் கூப்பிட்டு வாய்தாவும் கொடுத்து முடித்திருந்தார்கள். வக்கீல் தூணோரம் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஆளும் அவன் அம்மாவும் கோர்ட் வராந்தாவில் எதிரே வந்தார்கள். நடுவில் பாப்பா.

"ஊருக்கெல்லாம் கதை சொல்ற வேலை முடிஞ்சிருச்சா?" என்றான் அவன்.

அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. பாப்பாவின் காலைப் பார்த்தாள். இரண்டு ஷூவும் இடம் வலம் மாறியிருந்தன. பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்து வளர்க்கிறோம் என்று மனுவில் எழுதிக் கொடுத்தவர்கள். பாப்பா அக்காவை அடையாளம் தெரிந்தும் தெரியாமலும் பார்த்துக்கொண்டு, விரலை வாயில் வைத்தபடி நின்றாள். அம்மா என்று கூப்பிடவில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். வராந்தாவில் போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாமியார்க்காரி ஏதோ சொல்ல வாயெடுத்து, பக்கத்தில் போலீஸ்காரர் நிற்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். அக்கா ஒரு ஷூவைக் கழற்றினாள். ஒற்றைக் காலில் நின்ற பாப்பா ஆடினாள். விழாமலிருக்க, வாயிலிருந்த கையை எடுத்து, ஈரத்தோடு அக்காவின் தலையில் ஊன்றிக்கொண்டாள்.

அக்கா அடுத்த ஷூவுக்கு வர வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.