நாலு பெட்டி

ஏசி மெக்கானிக் மொட்டைமாடிச் சுவரில் நாலாவது துளையைப் போட்டு முடித்தபோது மணி பதினொன்று. டிரில்லைத் தரையில் வைக்க முடியவில்லை, தரை அப்படிக் கொதித்தது. வாட்ச்மேன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சுவருக்கு எதிரே மூன்றடியில் வாட்ச்மேனின் அறை. ஜன்னல் கிடையாது, கதவு மட்டும்தான். போன வருஷம் வரை கோடையில் அவரும் மனைவியும் வெளியே வெறுந்தரையில் பாய் போட்டுப் படுப்பார்கள். இப்போது அந்த இடம் முழுக்க சோலார் பலகைகள், இடுப்பு உயரத்துக்கு. கரண்ட் பில் இல்லை என்றானதும் கீழே வீட்டுக்காரர் எல்லா அறைக்கும் ஏசி வாங்கிவிட்டார்.

"அண்ணே, ஏசியோட வெளிப்பெட்டிய இங்க மாட்டினா சூடு நேரா உங்க ரூமுக்குள்ளதான் அடிக்கும்."

"தெரியுது தம்பி."

"அக்காவுக்கு எத்தனாவது மாசம்?"

"எட்டு."

மெக்கானிக் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, தெருப்பக்கச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டான். வீட்டின் முகப்பு கெட்டுவிடும், சொன்ன இடத்திலேயே மாட்டு என்றார் அவர். மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

"மாட்டிடுங்க" என்றார் வாட்ச்மேன். "நீங்க போனா நாளைக்கு இன்னொருத்தர் வருவாரு. ஏணிய அப்பவும் நான்தான் பிடிக்கணும்."

ஒரு மணிக்குள் நாலு பெட்டிகளும் வரிசையாக ஏறிவிட்டன. ஓட்டிப் பார்த்தார்கள். அனல்காற்று அறைக்கதவின் திரையை உள்ளே தள்ளி, அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. உள்ளே அவர் மனைவி பற்றவைத்த அடுப்பு இரண்டு முறை அணைந்தது.

வீட்டுக்காரர் போனில் வந்தார். "பிரமாதம்பா. இப்பவே போர்வை கேக்குது. துளை போட்ட தூசி பலகை மேல படிஞ்சிருக்கும், உடனே கழுவிவிடச் சொல்லு. இல்லன்னா கரண்ட் குறையும்."

வாட்ச்மேனின் மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு கையை வயிற்றுக்கு அண்டக்கொடுத்து, குனிந்து, பலகைகளுக்கு அடியில் தவழ்ந்து போனாள்.

"அக்கா, மேல ஒயர் போகுது. கை பட்டுடாம."

"சரி" என்றாள்.

வாட்ச்மேன் வாளியில் தண்ணீர் பிடித்து வந்து பலகைகளைக் கழுவத் தொடங்கினார். விளிம்பிலிருந்து அடியில் சொட்டிய தண்ணீர் வெந்நீராக இருந்தது. அப்படியும் அவள் நகர்ந்து வந்து, முதுகை அதற்குக் காட்டி ஒருக்களித்துப் படுத்தாள்.