கழற்றிக் கொடுத்த சட்டை

“ரெண்டா வெட்டித் தாம்மா. ஒரு கையில புடிச்சுக்கிட்டே ஓட்டிடுவேன்.”

டேரின் என்னிடம் கேட்டு வாங்கிய கடைசிப் பொருள் அந்த ஹாம் சாண்ட்விச்தான். பள்ளி மைதானத்துக்குப் பின்னால், எங்கள் பழைய பிக்கப் வண்டியின் ஜன்னல் வழியே கையை நீட்டிக்கொண்டிருந்தான். மேலே சட்டை இல்லை. வியர்வையில் ஊறிய பனியன் மட்டும். என்னிடம் கத்தி இல்லை. மெழுகுத்தாளோடு சேர்த்துக் கையாலேயே பிய்த்துக் கொடுத்தேன்.

“வெட்டத்தானே சொன்னேன், பிய்க்கச் சொன்னேனா?”

“கத்தி என்ன என் காதுலயா தொங்குது? தின்னுட்டுப் போடா.”

“பால் கறந்துட்டு வந்துருவீங்கல்ல?”

“மூணாவது இன்னிங்ஸுக்குள்ள வந்துருவோம். அதுக்குள்ள எல்லா ரன்னையும் தானம் பண்ணிடாதே.”

வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தான். சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை முன்னால் எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். அவன் பின்னாலேயே வெஸ்ஸின் கார் போனது. பேஸ்பாலில் வெஸ் அவனுடைய கேட்சர். சின்ன வயதிலிருந்து இவன் எறிவதை அவன்தான் பிடிப்பான். இரண்டு பேரும் பள்ளிக்கும் ஆடினார்கள், கோடை லீகில் எங்கள் டெல்வின் ஊர் அணிக்கும் ஆடினார்கள்.

அப்படி ஆடுவதில் எங்கள் பக்கம் ஒரு சட்டம் உண்டு. பள்ளி அணி போட்டித் தொடரில் இருக்கும்வரை பையன்கள் வேறு எந்தச் சட்டையும் போடக் கூடாது. பள்ளி தோற்ற நிமிடமே அவர்கள் விடுதலை. அந்த வருடம் பள்ளிக்கு மாவட்டச் சுற்று ஆட்டமும், கோடை லீகின் முதல் ஆட்டமும் ஒரே நாளில் வந்து விழுந்தன. பிற்பகலில் பள்ளி ஜெயித்தால் அடுத்த சுற்று. தோற்றால், அன்று மாலையே ஹார்மன்வில் ஊரில் டேரின் பந்து எறியலாம்.

அன்று காலையில் மெர்ல் டிட்மர் போன் செய்தார். விதைக்கடை வைத்திருக்கிறார், கோடையில் ஊர் அணிக்குக் கோச்.

“ஆர்லின், ஸ்கூல் தோக்கணும்னு நான் ஒண்ணும் கும்பிடல. அத முதல்ல சொல்லிடறேன்.”

“நம்புறேன் மெர்ல். உங்களை சர்ச்சுல பார்த்தே வருஷமாச்சே.”

“இந்த வாய் இருக்கே உங்களுக்கு! சரி, ஒருவேளை தோத்துட்டா, பையன் ஆறு மணிக்கு ஹார்மன்வில்ல நிக்கணும். நடுவர்கிட்ட ஆட்டக்காரங்க பேரைக் குடுக்கும்போது என் கண்ணு முன்னால இருக்கணும். இல்லாதவன் பேரை நான் எழுத முடியாது. அப்புறம் ரூடியத்தான் எறியவிடணும். லிங்கன்ல இருந்து காலேஜ் ஆள் ஒருத்தர், அவங்க டீமுக்குப் பையன் தேடி வர்றாரு. ரூடி எறியறதப் பார்க்கவா அவ்வளவு தூரம் வர்றாரு?”

இதை டேரினிடம் சொன்னபோது அவன் ஓட்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் காது சிவந்தது. அவனுக்கு அந்தக் கல்லூரி வேண்டும். மாடுகள் அவன் அப்பா லீலண்டோடு முடிந்துபோகட்டும் என்று எனக்குள் நானும் முடிவு செய்திருந்தேன். லீலண்டும் மாடுகளும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டவர்கள். டேரின் அப்படி இல்லை.

பள்ளி ஆட்டம் ஏழு இன்னிங்ஸில் முடியவில்லை. எட்டு, ஒன்பது என்று இழுத்தது. டேரின் அன்று எறியவில்லை, மூன்றாவது பேஸில் காவலுக்கு நின்றான். ஒன்பதாவதில் எதிரணிப் பையன் ஒருவன் அடித்த பந்து அவனுக்கு எட்டாத உயரத்தில் கோட்டோரம் போய் விழுந்தது. அவன் குதித்ததை நான் பார்த்தேன், எல்லோரும் பார்த்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்குப் பிறகு கோச் ஸ்வோபோடா அதைப் பார்க்காதவர்போலப் பேசினார்.

தோற்ற பிறகு பையன்களை இடதுபக்கப் புல்லில் வட்டமாக உட்காரவைத்துப் பேசுவது கோச்களின் வழக்கம். ஸ்வோபோடா சரித்திர ஆசிரியர். நீளமாகப் பேசத் தெரிந்தவர். அன்று இன்னும் நீளமாகப் பேசினார். வேலி ஓரம் நின்ற எங்களுக்கும் கேட்டது.

“சில பேருக்கு இன்னிக்குத் தோத்தது அவ்வளவு கஷ்டமா இருக்காது. அவங்களுக்குச் சாயங்காலம் வேற வேலை இருக்கு. பரவாயில்ல. போகட்டும். ஆனா இந்தச் சட்டைக்கு ஒரு மரியாதை இருக்கு. டேரின், வாட்ச்ச அப்புறம் பாக்கலாம். நான் இன்னும் முடிக்கல.”

டேரின் மணிக்கட்டைக் கீழே இறக்கிக்கொண்டான். வெஸ் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

பேச்சு முடிந்ததும் அட்டைப்பெட்டி வந்தது. பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்தால் பள்ளிச் சட்டையை அங்கேயே கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் பாதிப் பேர் திருப்பித் தருவதில்லை என்று ஸ்வோபோடா கொண்டுவந்த ஏற்பாடு. எண்ணைச் சரிபார்த்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் போடச் சொன்னார். டேரின் வரிசையில் நின்று, கழற்றி, மடிக்காமல் போட்டான். மடித்துப் போடச் சொன்னார். எடுத்து மடித்துப் போட்டான். பிறகுதான் வண்டிக்கு ஓடி வந்தான், சாண்ட்விச் கேட்டான்.

ஊர் அணியின் சட்டை வண்டி இருக்கையில் கிடந்தது. போன வருடத்துச் சட்டை. அந்தக் குளிர்காலத்தில் அவனுக்குத் தோள் அகன்றுவிட்டது. அது அவனுக்கு இறுக்கம். புதுச் சட்டைகளுக்கு மெர்ல் சொல்லியிருந்தார், இன்னும் வரவில்லை.

நாங்கள் வீட்டுக்குப் போனோம். மாடுகளை உள்ளே கட்டினோம். இரண்டாவது வரிசையில் கறவைக் குழாயை மாட்டிக்கொண்டிருந்தபோது ஷெரீஃபின் வண்டி வாசலில் வந்து நின்றது. லீலண்ட் கறவை மோட்டாரை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஷெரீஃப் சொன்னதை நான் உதடுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நடந்ததை வெஸ் மறுநாள் வந்து சொன்னான். எங்கள் சமையலறையில், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றபடியே சொன்னான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அவன் வண்டியோட பின் கண்ணாடி வழியா எனக்கு நல்லாத் தெரிஞ்சுது ஆன்ட்டி. ஸ்டியரிங்க முழங்காலால புடிச்சுக்கிட்டான். நாங்க எல்லாருமே அப்படித்தான் மாத்துவோம். நானும்தான். வழக்கமாச் செய்யறதுதான். தலைய சட்டைக்குள்ள விட்டான். ஒரு கை வெளிய வந்துச்சு. இன்னொரு கை வரல. அவன் இழுத்துக்கிட்டே இருந்தான். தலையும் வெளிய வரல.”

“அப்புறம்?”

“அப்புறம் ஓடைப் பாலத்து வளைவு வந்துருச்சு ஆன்ட்டி.”

அவ்வளவுதான். வண்டி வளையவில்லை.

ஹார்மன்வில்லில் ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கிவிட்டது. ரூடி எறிந்தான். செய்தி இரண்டாவது இன்னிங்ஸில் வந்தபோது நிறுத்தினார்கள். கல்லூரி ஆள் அன்று வரவே இல்லை. லிங்கன் பக்கம் மழையாம், பாதியில் திரும்பிவிட்டாராம். இதை மெர்லே என்னிடம் சொன்னார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அடக்கத்துக்கு முந்தின நாள், சவ அடக்க நிலையத்தின் முன்னறையில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது ஸ்வோபோடா வந்தார். கையில் துணி உறைக்குள் பள்ளிச் சட்டை. துவைத்து, இஸ்திரி போட்டிருந்தது.

“பசங்க எல்லாரும் சேர்ந்து கேட்டாங்க ஆர்லின். டேரின் இதைப் போட்டுக்கிட்டுத்தான் போகணும்னு. பள்ளிக்கூடத்துக்கு இது திரும்ப வேண்டாம். நீங்களே வச்சுக்கலாம்.”

நான் பதில் சொல்வதற்குள் மெர்ல் உள்ளே வந்தார். அவர் கையிலும் ஒரு சட்டை. பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்திருக்கலாம். ஆனால் யாரும் சட்டையைக் கீழே இறக்கவில்லை.

“கோச், உங்க சீசன் முடிஞ்சு போச்சு,” என்றார் மெர்ல், தணிந்த குரலில்தான். “சட்டைய நீங்களே வாங்கிப் பெட்டியில போட்டுட்டீங்க. கடைசியில அவன் எங்க பையன்தான்.”

“நாலு வருஷம் நான் வளர்த்த பையன் மெர்ல்.”

“இருக்கட்டும். ஒரு கை எங்க சட்டைக்குள்ளதானே இருந்துச்சு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும். முகம் சாம்பலாகிவிட்டது. லீலண்ட் நாற்காலியை விட்டு எழுந்தார், திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

“புதுச் சட்டையா மெர்ல்?” என்று கேட்டேன்.

“ஆமா.”

“எப்ப வந்துச்சு?”

“நேத்து மத்தியானம்.”

“என்ன அளவு?”

“லார்ஜ்.”

“சரியா இருந்திருக்கும்,” என்றேன்.

டேரினுக்கு நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டோம். அவனுடைய சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. அதற்கு முன்பக்கம் பொத்தான் உண்டு.

ஜனவரியில் லீகின் கூட்டம் ஹார்மன்வில்லில், முன்னாள் ராணுவ வீரர்கள் மன்றத்தில் நடந்தது. எட்டு ஊர்களிலிருந்தும் ஆள் வருவார்கள். அடுத்த கோடைக்கான அட்டவணை அங்கேதான் முடிவாகும். லீலண்ட் வரமாட்டேன் என்றார். பனியில் நானே ஓட்டிக்கொண்டு போனேன். ஓடைப் பாலத்தில் மெதுவாகப் போனேன். அங்கே வேறு எப்படிப் போவது?

என் கோரிக்கை சின்னது. முதல் ஆட்டத்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். பள்ளிகள் எல்லாம் முடித்துக்கொள்ளட்டும். அது முடியாதென்றால், பள்ளிக்கு ஆடிய அன்றே எந்தப் பையனும் லீகில் ஆடக் கூடாது என்றாவது வையுங்கள். நான் நூலகத்தில் வேலை பார்த்தவள். பேச வேண்டியதை முன்னாடியே மனசுக்குள் அடுக்கிவைத்திருந்தேன். அழாமல் சொல்லி முடித்தேன்.

டேரினுக்காக எல்லோரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். காபி ஆறிக்கொண்டிருந்தது. உட்கார்ந்ததும் லீக் தலைவர் ஆல்வின் ஃப்ரெரிக்ஸ் தொண்டையைச் செருமினார்.

“ஆர்லின் கேக்கறதுல நியாயம் இருக்கு. ஆனா ஒரு வாரம் தள்ளினா கடைசி ஆட்டம் கோதுமை அறுப்புல போய் முட்டும்.”

“அறுப்பு இல்லன்னா கவுண்டி மாட்டுக் கண்காட்சி இருக்கு,” என்றார் ஒருவர். “பசங்க பாதிப் பேர் அங்க கன்னுக்குட்டியக் கையில புடிச்சுக்கிட்டு நிப்பாங்க.”

“அன்னிக்கே ஆடக் கூடாதுன்னா, சின்ன ஊருங்க நாங்க ஒன்பது பேருக்கு எங்க போறது?” என்றார் இன்னொருவர். “என் ஊர்ல ஒன்பதாவது ஆளு பாதிரியாரோட பையன். அவனுக்குப் பந்து எந்தப் பக்கமிருந்து வரும்னே தெரியாது.”

சிலர் சிரித்துவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

“இதெல்லாம் பள்ளிக்கூடத்துக்காரங்க மாத்த வேண்டியது,” என்றார் மெர்ல். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இலையுதிர் காலத்திலேயே ஸ்வோபோடாவிடமும் கேட்டிருந்தேன். அவர், “எங்க தேதி எல்லாம் மேலிருந்து வர்றது ஆர்லின், லீக்குக்காரங்கதான் கொஞ்சம் விட்டுக்குடுக்கணும்,” என்றிருந்தார்.

“அப்படின்னா நேரத்தையாவது தள்ளுங்க. ஏழு மணிக்கு வைங்க,” என்றேன்.

இதற்கு ஆல்வின் உண்மையாகவே வருத்தப்பட்டார். “எட்டு ஊர்ல ரெண்டு ஊர் மைதானத்துலதான் விளக்கு இருக்கு. ஏழுக்கு ஆரம்பிச்சா கடைசி இன்னிங்ஸுல பந்து கண்ணுக்குத் தெரியாது. யாருக்காவது அடிபட்டுடும்.”

யாருக்காவது அடிபட்டுவிடும். அந்த அறையில் அதை யாரும் இரண்டாவது முறை யோசித்ததாகத் தெரியவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். எனக்காக இரண்டு கைகள் எழுந்தன. மெர்லின் கை பாதி எழுந்தது, பிறகு கன்னத்தைச் சொறியப் போய்விட்டது.

அதற்கடுத்து ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வருகிற கோடை முழுக்க எட்டு ஊர்ப் பையன்களும் சட்டைக் கையில் டேரினின் எண் போட்ட கறுப்புப் பட்டை கட்டிக்கொள்வது. கைதட்டினார்கள். கூட்டம் கலைந்தபோது ஆல்வின் என் கோட்டை எடுத்துக் கொடுத்தபடியே கேட்டார்.

“உங்க வீட்டுல தையல் மெஷின் இருக்குல்ல ஆர்லின்?”

இருந்தது. தைத்துக் கொடுத்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேறு யாரோ அவன் எண்ணைக் கோணலாகத் தைப்பதை என்னால் பொறுக்க முடிந்திருக்காது.

பட்டைகள் அந்த ஒரு கோடைக்குத்தான். ஸ்வோபோடா ஓய்வு பெற்று அரிசோனா போய்விட்டார். மெர்ல் பக்கவாதம் வந்து இறந்தார். அவர் அடக்கத்துக்கு ஒரு பானை உருளைக்கிழங்கு செய்து கொண்டுபோனேன். லீலண்ட் மாடுகளை விற்றார். பிறகு அவரும் போனார். நான் ஊருக்குள் வந்துவிட்டேன். ஓடைப் பாலத்தில் இப்போது வளைவுக்கு முன்னால் மஞ்சள் பலகை வைத்திருக்கிறார்கள்.

வெஸ்ஸின் மகன் கோடி இப்போது பந்து எறிகிறான். பள்ளிக்கும் ஆடுகிறான், ஊருக்கும் ஆடுகிறான். போன வாரம் மளிகைக் கடை வாசலில் வெஸ்ஸைப் பார்த்தேன். தலை நரைத்து, வயிறு வைத்துவிட்டது. கதவில் ஒட்டியிருந்த புது அட்டவணையைப் படித்துக்கொண்டு நின்றான்.

“அன்னிக்கு நானே கூட்டிட்டுப் போறேன் ஆன்ட்டி,” என்றான், நான் எதுவும் கேட்காமலே. “சட்டைய மாத்தினதுக்கு அப்புறம்தான் வண்டியவே எடுப்பேன்.”

“நல்லது,” என்றேன்.

அவன் போன பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் படித்தேன். மேலே பள்ளியின் தாள்: மாவட்டச் சுற்று, செவ்வாய், பிற்பகல். கீழே லீகின் தாள்: டெல்வின், ஹார்மன்வில்லுக்கு எதிராக, அதே செவ்வாய், மாலை ஆறு மணி.