மூலை பிரஸ்ஸுக்கு முழு மதிப்பெண்

மோட்டார் இல்லாத ஓர் இயந்திரத்தை நான் மாதக்கணக்கில் இரவும் பகலும் ஓட்டியிருக்கிறேன். ஒரு நொடி நிற்கவில்லை, ஒரு போல்ட் தளரவில்லை. தொழிற்சாலையிலேயே சிறந்த இயந்திரம் என்று அதற்குப் பாராட்டுப் பத்திரமும் வாங்கிக் கொடுத்தேன். உலகத்தில் இதைச் செய்தவன் நான் ஒருவன்தான். இன்னொருவன் இருந்தால் அவன் என்னைப் பார்த்துக் காப்பியடித்தவன்.

சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் என் தங்கை சிரித்ததற்குப் பக்கத்தில் உங்கள் சிரிப்பு நிற்காது. அவள் சிரித்ததில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது.

அப்போது எங்கள் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவுக்கென்று ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டார்கள். எந்த இயந்திரம் எந்தெந்தக் கிழமை, எந்த ஷிப்டில், எத்தனை மணி நேரம் ஓடும் என்று அதில் உற்பத்தி அட்டவணை போட வேண்டும். அதை வைத்து அதுவே ஓடிய மணிகளைக் கூட்டிக்கொள்ளும். இதற்கு எண்ணெய் மாற்று, அதற்கு பெல்ட் மாற்று என்று வேலைச் சீட்டுகளையும் அதுவே துப்பும். அட்டவணை போடும் வேலை என் தலையில் விழுந்தது. திரை முழுக்கக் கட்டங்கள். நிரப்பி நிரப்பி என் ஆள்காட்டி விரல் அரை அங்குலம் தேய்ந்துபோனது. நான் விட்ட கொட்டாவியில் மூன்று மேசை தள்ளிக் காகிதங்கள் பறந்தன.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நூறு சார்.’ எதைக் கேட்டாலும் நூறு சதவீதம் என்பார். அவர் வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“என்னய்யா, ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி போட்டுட்டு இருக்கே? எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போடு. மூணு ஷிப்ட், ஆறு நாள். பராமரிப்புக்கு ஞாயித்துக்கிழமை.”

“சார், மூலையில தார்பாய் போட்டு மூடின தகடு பிரஸ்ஸுக்குமா? அதுக்கு மோட்டாரே கிடையாது. கழட்டி வேற மெஷினுக்குப் போட்டு வருஷக்கணக்காச்சு.”

“லிஸ்ட்ல இருக்கா இல்லையா?”

“இருக்கு.”

“அப்போ ஓடுது.”

ஓட்டினேன். ஒரு விசையைத் தட்டினேன், மூலை பிரஸ் கிளம்பிவிட்டது. மற்ற இயந்திரங்கள் இரும்பால் ஆனவை. அவை பழுதாகும், நிற்கும், நின்ற நேரத்தை மென்பொருள் கழித்துக்கொள்ளும். மூலை பிரஸ் பழுதாவதற்கு அதில் என்ன இருக்கிறது? அதன் மணிக்கணக்கு மட்டும் குதிரை மாதிரி ஓடியது. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கு மட்டும் சீட்டு வந்து நிற்கும்: கியர்பாக்ஸ் எண்ணெயை முழுதாக வடித்து மாற்றவும், படம் எடுத்துப் பதிவேற்றவும். மாற்றாவிட்டால் சிவப்பு விளக்கு தலைமை அலுவலகத்தில் எரியும்.

அந்தச் சீட்டு யார் பேருக்கு வந்தது என்பதுதான் வினை. என் தங்கையின் புருஷன், எங்கள் பிரிவின் ஃபிட்டர். மாப்பிள்ளை மாதிரி ஒரு வேலைக்காரரைப் பார்க்க முடியாது. தூக்கத்திலும் ஸ்பேனர் அளவு சரியாகச் சொல்வார். ஏமாற்ற மட்டும் வராது. பழைய படத்தையே மறுபடி ஏற்றுங்கள் என்று நான் சொன்னதற்கு, “வேண்டாம் மச்சான், மனசு கேக்காது” என்றுவிட்டார். ஆறு நாளும் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு, ஏழாவது நாள் போய், தேன் மாதிரி இருந்த புது எண்ணெயை வடித்துக் கொட்டிவிட்டு, அதே மாதிரி இன்னொரு புது எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார்.

தங்கை பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சாயங்காலங்களில் மாப்பிள்ளை வருவார். நாற்காலியில் உட்கார்ந்து “எப்படிம்மா இருக்கே?” என்பார். அவள் வாயைத் திறப்பதற்குள் தலை தொங்கிவிடும். ஒருமுறை குறட்டையோடு, “பன்னிரண்டு எம்எம்” என்றார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம்” என்றாள் என்னிடம். “முழிச்சிருக்கிற புருஷனோட ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வேணும். அதுகூட முடியாதாம். மோட்டார் இல்லாத மெஷினுக்கு எண்ணெய் மாத்தணுமாம். பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இல்லையா அண்ணா?”

“அது பொய் இல்லைடி. நிஜமாவே அப்படி ஒரு மெஷின் இருக்கு.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம்தான் ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்ட அந்தச் சிரிப்பு.

“நீ சொல்றியா? சின்ன வயசுல கிணத்துக்குள்ள திமிங்கலம் பார்த்தேன்னு சொன்னது யாரு? கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட நான் எட்டு பாஷை பேசுவேன்னு சொன்னது யாரு? அவருக்கு சாட்சி சொல்ல உன்னை விட்டா வேற ஆளே கிடைக்கலையா?”

திமிங்கலத்தைப் பற்றி இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. வாழ்க்கையில் ஒருமுறை கலப்படம் இல்லாத உண்மையைச் சொல்கிறேன், வாங்க ஆள் இல்லை.

வெளியூரில் அவள் முன்பு வேலை பார்த்த கடையிலிருந்து திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். தங்குவதற்கு அறையும் தருவார்களாம். “இந்த ஞாயிறும் அவர் வரலைன்னா திங்கட்கிழமை கிளம்பிடுவேன். போனா வரமாட்டேன், அதையும் சொல்லிட்டேன்” என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. நான் நூறு சாரிடம் ஓடினேன். லிஸ்டிலிருந்து அதை எடுத்துவிடலாம் என்றேன். அவர் மேசையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரம் ஒன்று இருந்தது. பழுதே காணாத இயந்திரம், நூற்றுக்கு நூறு.

“இதை எடுக்கச் சொல்றியா? இதை வெச்சுத்தான்யா நம்ம சராசரியே நிக்குது!” என்றார்.

அந்த ஞாயிறும் சீட்டு வந்தது. மாப்பிள்ளை போனார். தங்கை பையைக் கட்ட ஆரம்பித்தாள். நான் பையைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

“வா என்கூட. ஒரே தடவை வந்து பாரு. பொய்யா இருந்தா நானே உன்னை பஸ் ஏத்தி விடுறேன்.”

“நீ ஏத்தி விட்டா அது விமானம்னு ஊரெல்லாம் சொல்லுவே” என்றாள். ஆனாலும் செருப்பை மாட்டினாள். காவலாளிக்கு நான் பழக்கம், விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வெறிச்சென்று கிடந்த கூடத்தில் எங்கள் நடை எதிரொலித்தது. கூரைத் தகட்டு ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. எண்ணெய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மூலையில் தார்பாய் பாதி விலகியிருந்தது. கியர்பாக்ஸ் அடியில் ஒரு தட்டு, அதில் பளபளவென்று எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது. புது டின் பக்கத்தில் காத்திருந்தது. ஆளைக் காணோம்.

“எங்கே?” என்றாள்.

நான் பிரஸ்ஸின் பின்பக்கம் போனேன். மோட்டார் இருக்க வேண்டிய இடம் பெரிய இரும்புக் கூடு. அதற்குள் ஓர் அட்டையை விரித்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கையில் துடைப்புத் துணியோடு மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார். அளவெடுத்துச் செய்தது போல அவ்வளவு கச்சிதம். குறட்டையில் பிரஸ் லேசாக அதிர்ந்தது. இதை நான் மிகைப்படுத்தவில்லை. மேலே வைத்திருந்த நட்டு ஒன்று நகர்ந்து நகர்ந்து என் கண் முன்னால் கீழே விழுந்தது.

தங்கை குனிந்து பார்த்தாள். கூட்டின் நான்கு பக்கமும் கையை விட்டுத் தடவினாள். ஒயர் இல்லை, மோட்டார் இல்லை, ஒன்றுமில்லை, புருஷன்தான் இருந்தார். எழுப்பப் போன என் கையைத் தட்டிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த எண்ணெயை விரலால் துடைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து நூறு சார் உள்ளே வந்தார். படம் இன்னும் ஏறவில்லையாம், அவர் கைபேசியில் எச்சரிக்கை மஞ்சள் விளக்கு எரிகிறதாம்.

“எங்கே அந்த ஆளு? என்ன பண்ணிட்டு இருக்கான்?” என்று கத்தினார்.

“சத்தம் போடாதீங்க” என்றாள் தங்கை, எழுந்திருக்காமலே. “மெஷின் ஓடிட்டு இருக்கு.”

அவர் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. தலைமை அலுவலகம் கொடுத்த பத்திரம், அந்தப் பத்திரத்தின் நாயகனுக்குள் ஒரு மனிதன், அதற்கு வெளியாள் சாட்சி! அவள் தன் கைபேசியைச் சும்மாதான் கையில் வைத்திருந்தாள். அவருக்கு அது சும்மாவாகத் தெரியவில்லை. விட்டால் அங்கேயே சுருண்டு அவரும் படுத்துவிடுவார் போலிருந்தது. நான் காதோரம் போனேன்.

“சார், லிஸ்ட்ல இருந்து எடுக்க வேணாம். அட்டவணைல இதுக்கு ஓடுற நேரம் பூஜ்யம்னு போட்டுடுறேன். ஓடலைன்னா மணி ஏறாது. மணி ஏறலைன்னா எண்ணெய்ச் சீட்டு வராது.”

“அய்யோ, நூறு?”

“பழுதும் பூஜ்யம்தானே சார்? நூறு அப்படியே நிக்கும். இப்பத்தான் மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பார்த்தேன்.”

அவர் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தார். “குறையாதே?”

“புள்ளி அளவுகூடக் குறையாது.”

“அப்போ இப்பவே போடு. அந்த ஆள் எழுந்ததும் வீட்டுக்குப் போகச் சொல்லு.”

போட்டேன். எனக்குத் தெரிந்து, ஒரு கட்டத்தில் பூஜ்யம் நிரப்பி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியவனும் நான்தான்.

மாப்பிள்ளை எழுந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. எதிரே பெண்டாட்டி வாளியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கனவு என்று நினைத்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவள் சிரித்தாள். இந்த முறை எந்தக் கண்ணாடிக்கும் சேதமில்லை.

பையை எடுக்க வீட்டுக்கு வந்தோம். படியிறங்கும்போது கீழ்வீட்டு அம்மா வாசலில் நின்று கேட்டார். “என்னம்மா, ஒரு வழியா வந்து கூட்டிட்டுப் போறாரா? இத்தனை வாரமா அப்படி என்னதான் வேலையாம் அவருக்கு?”

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து பாதிக் கண்ணில் நின்றார்.

“மோட்டார் இல்லாத மெஷினுக்கு எண்ணெய் மாத்திட்டு இருந்தார்” என்றாள் தங்கை.

கீழ்வீட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “இது உங்க அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதானே?”

“இல்லக்கா” என்றாள் அவள், களைத்துப்போன குரலில், புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு. “நானே போய்ப் பார்த்தேன். நடந்ததுதான்.”