மந்தைக்கு இரண்டாம் பொருள்

அகராதி அலுவலகத்தில் ‘மந்தை’ என்ற சொல், புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியையின் பங்குக்கு வந்தது. ஆடுமாடுகளின் கூட்டம் என்று எழுதியவள், ஒருவர் பின்னே யோசிக்காமல் போகும் மனிதர்களையும் குறிக்கும் என்று இரண்டாம் பொருளும் சேர்த்தாள். மகா கனம் பொருந்திய தலைமை ஆசிரியர் அதை அடித்தார்.

“மனுஷனை யாரும்மா மந்தைன்னு சொல்றாங்க? காதால கேட்ட சான்று கொண்டா. இல்லேன்னா வேலை நிரந்தரம்ங்கிற பேச்சே வேண்டாம்.”

அந்த நேரம் பார்த்துத் தீ எச்சரிக்கை மணி அலறியது. தலைமை ஆசிரியருக்கு முன்னால் நடப்பது அங்கே மரியாதைக் குறைவு. பதற்றத்தில் அவர் வாசலை விட்டுவிட்டு, உடைந்த நாற்காலிகள் அடைத்த கிடங்குக்குள் நுழைந்தார். இலக்கணத் துறை, சொற்பிறப்புத் துறை எல்லாம் பின்னாலேயே நுழைந்தன. திரும்பக்கூட இடமில்லை.

“வழி விடுங்கய்யா! மந்தை மாதிரி என் பின்னாடியே வர்றீங்களே!”

கதவருகே கடைசியாக நின்றவள் சொன்னாள்: “ஐயா, காதால கேட்டாச்சு. சாட்சிக்கு ரெண்டு துறையும் இருக்கு.”

தலையில் ஒட்டடையோடு அவர் முறைத்தார். பிறகு, அந்த அலுவலகம் கண்டிராதபடி, சிரித்துவிட்டார்.

“சரிம்மா, அச்சுக்கு அனுப்பு. நிரந்தரமாவே இரு. முதல்ல வாசல் எந்தப் பக்கம்னு காட்டு.”

அவள் முன்னே நடந்தாள். தலைமை ஆசிரியர் கடைசியாக வந்தார்.